வைகைக் கரையில் ஒரு குளிர்காலக் காலை: குழுவாகப் பறவை பார்க்கப் போவோருக்கு முழுமையான வழிகாட்டி

முதல் முறை வைகைக்குக் கூட்டம் சேர்த்துப் போனபோது முப்பத்தைந்து பேர். எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். வண்டி நிறுத்த வசதி என்று வடகரையில் இறங்கினோம். ஏழு மணி வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. ஆற்றுக்குள் நின்ற அத்தனை பறவைகளும் கருப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோலத் தெரிந்தன. "சார், அது என்ன?" என்றால் "கொக்கு" என்றேன். "இது?" "இதுவும் ஒரு வகைக் கொக்கு." பக்கத்தில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கரைக்குப் போங்கய்யா. இங்கனக்குள்ள நின்னா சூரியனத்தான் பாக்கணும்" என்றார்.

அன்றைக்குக் கற்ற பாடத்தைத்தான் இன்றுவரை எல்லாருக்கும் சொல்கிறேன். ஊர் நடுவே கிடக்கும் ஆற்றில் பறவை கிடைப்பது பெரிய விஷயமில்லை. ஆட்களைச் சரியான நாளில், சரியான கரையில், சத்தமில்லாமல் நிறுத்துவதுதான் வேலை. கீழே இருப்பது பெரும்பாலும் அந்த வேலையைப் பற்றியதுதான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வைகை வருசநாட்டு மலையில் பிறந்து சுமார் 258 கி.மீ. ஓடுகிறது. ஆனால் மதுரை நகருக்குள் அது ஆறாக ஓடும் நாட்கள் கொஞ்சம்தான். ஆண்டிபட்டி பக்கம் 1959-இல் கட்டி முடித்த வைகை அணையில் திறந்துவிட்டால் ஆறு. இல்லாவிட்டால் குட்டைகள், சாக்கடை வந்து சேரும் ஓடைகள், ஆகாயத்தாமரை, நாணல், சீமைக் கருவேலம். பறவை பார்க்கப் போகிறவருக்கு இந்த இரண்டு நிலையும் வேண்டியதில்லை; இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும்.

கரையைத் தொட்டுத் தண்ணீர் ஓடும் நாளில் உள்ளான்களுக்குக் கால் வைக்க இடமிருக்காது. அவை மெல்லிய சேற்றில் அலகைக் குத்திப் புழு பூச்சி தேடுகிறவை. கணுக்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் அவற்றுக்கு அங்கே வேலையில்லை. அப்படிப்பட்ட நாளில் போனால் பாலத்தில் நின்று வெள்ளத்தைத்தான் பார்க்கலாம். மதுரைக்காரர்களுக்கு அதுவே ஒரு திருவிழாதான், ஆனால் அது வேறு கதை. தண்ணீர் வடிந்து ஒரு வாரம், பத்து நாள் ஆனதும் மணல்திட்டும் சேறும் வெளியே தெரியும். குட்டைகளில் மீன் மாட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் உங்கள் வாரம்.

ஆகவே நாள் குறிக்கும்முன் அணைச் செய்தியைப் பாருங்கள். உள்ளூர்ப் பத்திரிகைப் பக்கத்தில் நீர்மட்டம் தினமும் வரும். அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. இந்த எண்கள் செய்தியில் வந்தால் ஆற்றங்கரைத் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆசை அடங்காதவர்கள் கண்மாய்ப் பக்கம் போகலாம். வண்டியூர்க் கண்மாய் இருக்கிறது, ஊருக்குத் தெற்கே சாமநத்தம் கண்மாய் இருக்கிறது.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது: சாக்கடை வந்து கலக்கும் இடத்தில்தான் உள்ளான் அதிகம் நிற்கும். வெயில் காலத்திலும் அங்கே ஈரம் காய்வதில்லை, புழுவுக்கும் பஞ்சமில்லை. வைகை நாறுகிறது என்று மூக்கைப் பிடிப்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வருவது நல்லது. வரும்முன்பே சொல்லிவிடுங்கள், வந்தபின் முகம் சுளித்தால் மற்றவர் உற்சாகமும் போய்விடும்.

போகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஒருவர் மட்டும் காலை ஆறரைக்குப் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரவேண்டும். தண்ணீர் எங்கே நிற்கிறது, கரைச் சாலையில் எங்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள், நாய்க் கூட்டம் எங்கே என்று தெரிந்துவிடும். இந்த ஒரு வேலையைத் தட்டிக்கழித்த ஒவ்வொரு முறையும் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எந்த நாள்

வலசை வரும் பறவைகளில் முந்திரிக்கொட்டைகள் ஆவணியிலேயே வந்து இறங்கிவிடும். வாலாட்டிகளும் சில உள்ளான்களும் அப்படித்தான். ஆனால் குழுவாகப் போக டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வடிந்த தண்ணீர் இருக்கும், ஒன்பது மணிவரை வெயில் சுடாது.

இந்தக் காலத்தில்தான் கணக்கெடுப்புகளும் வருகின்றன. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடப்பது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. உங்கள் நாளை இவற்றில் ஒன்றோடு பொருத்திக்கொண்டால் எடுத்த பட்டியல் பெரிய கணக்கில் சேரும்.

மதுரை நாட்காட்டியையும் ஒரு முறை புரட்டுங்கள். தை அமாவாசையன்று படித்துறைகளில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் நிற்கும். அன்று பைனாகுலரோடு போய் நிற்பது அழகல்ல. தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம். அந்தப் பக்கம் வண்டி நகராது. பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று பாதி ஊர் ஜல்லிக்கட்டுக்குப் போய்விடும். வருகிறேன் என்று சொன்ன பையன்கள் வாடிவாசலில் நிற்பார்கள். மார்கழி என்றால் ஐந்து மணியிலிருந்து கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும், பறவைக் குரல் காதில் விழாது. பாட்டு நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. குரல் கேட்டுக் கண்டுபிடிக்கப் பழக வேண்டுமென்றால் தை பிறக்கட்டும்.

எத்தனை பேர்

பத்துப் பேர். பன்னிரண்டு ஆனால் சமாளிக்கலாம். அதற்கு மேல் வருகிறார்கள் என்றால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று அனுப்பிவிட்டு இட்லி சாப்பிடும் இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். பேர் கூடக்கூடப் பின்னால் நிற்பவர்கள் பேசிக்கொண்டு வருவார்கள், அவர்கள் பேசுவதில் பறவை போகும், பறவை போனதில் அவர்களுக்கு அலுப்பு வரும், அலுப்பில் இன்னும் பேசுவார்கள்.

பத்துப் பேரில் நான்கு பேருக்கு வேலை கொடுங்கள். முன்னால் ஒருவர் நடப்பார். அவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது. கடைசியில் ஒருவர்; அவருக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது. ஒருவர் எழுதுவார். இன்னொருவர், என் அனுபவத்தில் முக்கியமானவர், அக்கம்பக்கத்து மனிதர்களிடம் பேசுவார். துணி துவைக்கிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் வந்து "என்ன பாக்குறீக? சர்வே எடுக்குறீகளா? வீட்ட இடிக்கப் போறாகளா?" என்று கேட்பார்கள். கரையோரம் குடியிருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. அதைப் பொறுமையாக விளக்கவும், அவர்கள் கையில் பைனாகுலரைக் கொடுத்து ஒரு கொக்கைக் காட்டவும் ஓர் ஆள் வேண்டும். எங்கள் குழுவில் இந்த வேலைக்கு ஓர் அக்கா இருக்கிறார். அவரால் பழைய பட்டியல்களில் இல்லாத இரண்டு பறவைகள் எங்களுக்குக் கிடைத்தன. அவர் பேச்சுக் கொடுத்த மீன் பிடிக்கும் தம்பிதான் புதருக்குள் காட்டினான்.

பைனாகுலர் ஆளுக்கொன்று தேவையில்லை, இருவருக்கு ஒன்று போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி நல்லது என்று கடையில் சொல்வார்கள். புதியவர் கையில் அது ஆடும், ஆடினால் பெரிதாகத் தெரிந்து என்ன பயன்? பத்தாயிரம் ரூபாய்க்குள் ஓரளவு நல்லதாகக் கிடைக்கும். கிளம்பும்முன் வீட்டு மாடியில் எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவைப் பார்த்துப் பழகச் சொல்லுங்கள். இரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருகிச் சரிசெய்யாதவர்கள்தான் "எனக்கு ஒண்ணுமே தெரியல" என்பார்கள்.

உடை மங்கலான நிறமாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம், சிவப்புச் சேலை வேண்டாம். தொப்பி, தண்ணீர், பழைய செருப்பில்லாமல் மூடிய ஷூ. அவ்வளவுதான்.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். ஆற்றங்கரையில் பெண்களுக்கு வசதி எதுவும் கிடையாது. ஆகவே நடை மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. நடுவில் ஒரு ஹோட்டலோ பெட்ரோல் பங்க்கோ வரும்படி வழியை அமைத்து, அதை முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த முறை பெண்கள் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டார்கள்.

எந்தக் கரை

மார்கழி, தை மாதங்களில் சூரியன் நேர் கிழக்கே உதிப்பதில்லை; தெற்கே நன்றாகச் சாய்ந்து உதிக்கும், பகல் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே நகரும். வைகையோ நகருக்குள் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. ஆகவே தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் வெளிச்சம் நம் முதுகில், பறவையின் முகத்தில். கிழக்கில் தொடங்கி மேற்கே நடந்தால் இன்னும் நல்லது. எருமைக்காரப் பெரியவர் சொன்னதன் கணக்கு இதுதான்.

இருகரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டபிறகு ஆறு குறுகிப்போனது என்று வருத்தப்படுபவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், பறவை பார்க்கிறவனுக்கு அந்தச் சுவர் வசதி. மேலே நின்று சுவர்மேல் முழங்கையை ஊன்றினால் பைனாகுலர் ஆடாது, கீழே இருக்கும் பறவைக்கும் சுவருக்கு மேலே தெரியும் தலை அவ்வளவாக உறுத்துவதில்லை. ஆற்றுக்குள் இறங்காதீர்கள். கண்ணாடித் துண்டு, சேறு, சாக்கடை எல்லாம் இருக்கிறது. தவிர, நாம் ஓரடி இறங்கினால் பறவைகள் நூறடி தள்ளிப் போகும்.

காலை 6.15, விரகனூர்

தை மாதத்தில் சூரியன் மேலே வர ஆறரை மணி தாண்டிவிடும். ஆறேகாலுக்கெல்லாம் நகரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் விரகனூர் மதகணைப் பக்கம் எல்லாரும் வந்து சேர வேண்டும். ரிங் ரோட்டில் லாரிகள் வேகமாக வரும். வண்டிகளைச் சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்துங்கள். பத்து நிமிடம் தாமதமாக வருபவருக்காகக் காத்திருக்க வேண்டாம், அடுத்த இடத்தில் வந்து சேரட்டும். இதில் இரக்கம் காட்டினால் ஆறேகால் என்பது ஏழேகால் ஆகிவிடும்.

மதகணையில் தண்ணீர் தேங்கி நிற்பதால் நகருக்குள் கிடைக்காத ஆழமும் அகலமும் இங்கே உண்டு. ஆழமான தண்ணீரில் முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம். பாம்புத்தாரா உடம்பை மூழ்கவைத்துக் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு போகும். பாம்பு என்று யாராவது ஒருவர் கத்தாமல் எந்தக் குழுவும் விரகனூரைக் கடந்ததில்லை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் வரும் நாட்கள் உண்டு. நத்தைகுத்தி அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அந்த வளைந்த அலகால்தான் அது நத்தை ஓட்டுக்குள் இருப்பதை எடுக்கிறது. மஞ்சள்மூக்கு நாரை வேறு மாதிரி: பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு அசைத்துக்கொண்டே நடக்கும், மீன் பட்டதும் மூடிக்கொள்ளும். பிள்ளைகள் கூட வந்தால் இந்த இரண்டையும் பத்து நிமிடம் பார்க்க விடுங்கள். பெயரை எண்ணுவதைவிடச் சாப்பிடுவதைப் பார்ப்பது அவர்களுக்குப் பிடிக்கிறது. எனக்கும்தான்.

ஆகாயத்தாமரை படர்ந்த ஓரங்களில் நீலத் தாழைக்கோழி, நீண்ட விரல்களால் இலைமேல் நடக்கும் இலைக்கோழி, வாலடியில் செம்மண் நிறம் பூசிய கம்புள் கோழி. தண்ணீருக்கு மேலே தாழ்வாகச் சுற்றும் சாம்பல் நிறப் பறவை மீசை ஆலா. மேலே சேற்றுப் பூனைப்பருந்து வந்தால் உங்களுக்கு முன்னால் வாத்துகளுக்குத் தெரிந்துவிடும், மொத்தமாக எழும்பும். எழும்பியதும் எண்ணுங்கள், அந்த வாய்ப்புத் திரும்ப வராது.

இங்கே ஒரு மணி நேரம் போதும்.

உள்ளான் என்னும் தலைவலி

வலசை காலத்தில் புதியவர்களைக் குழப்புவது உள்ளான்கள்தான். எல்லாம் பழுப்பு, எல்லாம் சேற்றில் ஓடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கப் பார்க்காதீர்கள். மூன்று கேள்வி மட்டும் சொல்லிக்கொடுங்கள்: கால் என்ன நிறம், முதுகில் புள்ளி உண்டா, நிற்கும்போது என்ன செய்கிறது.

நிற்கும்போது பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது, தோளுக்கு முன்னால் வெள்ளை நிறம் ஓர் ஆப்புபோல ஏறியிருக்கிறது, எழும்பினால் தண்ணீரை ஒட்டிச் சிறகை விறைப்பாக வைத்துப் பறக்கிறது என்றால் அது சாதா உள்ளான். பெரும்பாலும் தனியாக, சுவரோரமாக நிற்கும். முதுகு முழுக்கப் பொரி தூவியதுபோல் புள்ளி, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, கால் மஞ்சள் கலந்த நிறம் என்றால் பொரி உள்ளான், பெயரே சொல்லிவிடுகிறது. முதுகு கருத்து, பறக்கும்போது வாலடி வெள்ளையாகப் பளிச்சிட்டால் பச்சை உள்ளான். எல்லாவற்றையும்விட உயரமாக, அலகு நுனி லேசாக மேல்நோக்கி வளைந்து, எழும்பும்போது மூன்று முறை விசில் அடித்துப் போனால் பச்சைக்காலி. சிவந்த நீண்ட கால்களோடு நிற்கும் கருப்பு வெள்ளைப் பறவை நெடுங்கால் உள்ளான். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. மணல்திட்டில் குடுகுடுவென ஓடி, சட்டென்று நின்று, திரும்ப ஓடினால் கண்ணைப் பாருங்கள். மஞ்சள் வளையம் இருந்தால் பட்டாணி உள்ளான்.

அடுத்த குழப்பம் வாலாட்டிகள். கருப்பு வெள்ளையில், கண்ணுக்கு மேல் அகன்ற வெள்ளைப் புருவத்தோடு இருப்பது வெண்புருவ வாலாட்டி. அது நம் ஊர்க்காரன், வருடம் முழுக்க இருப்பது. மஞ்சள் வாலாட்டி குளிர்காலத்துக்கு மட்டும் வருவது. எருமை மேயும் இடத்தில் அதன் காலடியில் தேடுங்கள், எருமை கிளப்பும் பூச்சிக்காக அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் கொக்குகள். ஊரில் எல்லாவற்றையும் கொக்கு என்கிறோம், தப்பில்லை. எருமை முதுகில் ஏறி நிற்கும் குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு என்றால் உண்ணிக்கொக்கு. அலகு கருப்பு, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மஞ்சள் செருப்புப் போட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் மறக்கமாட்டார்கள். மண் நிறத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பது மடையான். பக்கத்தில் போகும்வரை இருப்பதே தெரியாது. பறந்தால் மட்டும் இரண்டு சிறகும் பால் வெள்ளை. குருட்டுக் கொக்கு என்று அதைச் சொல்வார்கள். உண்மையில் நம் கண்தான் குருடு.

பறவையைக் காட்டுவதற்கு ஒரு முறை வேண்டும். "அதோ, அங்க, அங்க" என்று கையை நீட்டினால் பத்துப் பேரும் உங்கள் விரலைத்தான் பார்ப்பார்கள். முதலில் எல்லாருக்கும் தெரியும் ஒரு பொருளைச் சொல்லுங்கள்: "கரண்ட் கம்பம் தெரியுதா? அதுக்கு நேர் கீழ கருப்புப் பைப். பைப்புக்கு இடப்பக்கம் ரெண்டு கை தூரம், தண்ணி ஓரமா." இப்படிச் சொல்லப் பழகினால் ஐந்து நொடியில் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். கையையும் அதிகம் நீட்ட வேண்டியதில்லை, நீட்டிய கை பறவைக்குப் பிடிப்பதில்லை.

ஆள்காட்டிக் குருவி கத்தினால் அப்படியே நின்றுவிடுங்கள். அது கத்துவது மற்றப் பறவைகளுக்கும் எச்சரிக்கை. இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் அதுவே அலுத்து அடங்கிவிடும். அதைச் சட்டை செய்யாமல் நடந்தால் அடுத்த இருநூறு அடிக்கு ஆறு காலியாகத்தான் இருக்கும்.

7.45, குருவிக்காரன் சாலைப் பாலம்

குருவி பார்க்கக் குருவிக்காரன் சாலைக்குப் போகிறோம் என்று யாராவது ஒரு நகைச்சுவை விடுவார்கள், விடட்டும். வண்டிகளில் இங்கே வந்து, பாலத்தின் தென்முனையிலிருந்து கரைச் சாலை வழியாக மேற்கே ஓபுளா படித்துறை தாண்டி ஏ.வி. பாலம்வரை நடப்பதுதான் இரண்டாம் பகுதி. ஏ.வி. பாலம் 1889-இல் திறந்தது, இன்றும் வண்டி போய்க்கொண்டிருக்கிறது.

இந்த நடையில் வேகம் கூடாது. நூறு அடிக்கு ஒரு முறை நின்று, இரண்டு நிமிடம் ஆற்றையும், ஒரு நிமிடம் பின்னால் இருக்கும் மரங்களையும் கம்பிகளையும் பாருங்கள். எல்லாரும் தண்ணீரையே பார்த்துக் கம்பியை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், நீலவால் பஞ்சுருட்டான் இருக்கும், மின்கம்பி முனையில் கண்ணுக்குக் கருப்புப் பட்டை கட்டிய பழுப்புக் கீச்சான் இருக்கும். பாலத்துக்கு அருகில் வேகமாகச் சுற்றுவதைத் தகைவிலான் என்று எழுதிவிடாதீர்கள். அது உழவாரனாக இருக்கலாம். கம்பியில் உட்கார்ந்தால் தகைவிலான். உழவாரன் கம்பியில் உட்காராது, அதன் கால் அதற்கு உதவாது.

ஓபுளா படித்துறைத் தடுப்பணையில் தண்ணீர் நின்றால் மூன்று வகை மீன்கொத்தியும் ஒரே இடத்தில் கிடைக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து நின்று நேராகத் தலைகுப்புற விழும். வெண்மார்பு மீன்கொத்தி கம்பியில் காத்திருக்கும். சிறு மீன்கொத்தி நாணல் தண்டில். கருப்பு வெள்ளை மூன்று முறை விழுந்து ஒரு முறைதான் மீனோடு எழுந்தது என்று ஒரு பள்ளிப் பையன் தன் நோட்டில் எழுதியிருந்தான். பறவைப் பெயரைவிட அப்படிப்பட்ட குறிப்புகள்தான் எனக்குப் பிடித்தவை.

இந்தப் பகுதியில்தான் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். கரையில் குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், ஒதுங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் இருக்கும் பக்கம் பைனாகுலரோ கேமராவோ திரும்பக்கூடாது, அந்தத் திசையில் அபூர்வப் பறவை நின்றாலும். நாம் பறவையைத்தான் பார்க்கிறோம் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரு முறை எங்கள் குழுவில் ஒருவர் செந்நாரையைப் படம் எடுக்கப் போய், எதிர்க்கரையிலிருந்து கல் பறந்து வந்தது. கல் எறிந்தவர் பக்கம்தான் நியாயம்.

செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். படத்துக்காகக் கல் எறிந்து கிளப்பாதீர்கள். கண்ணியோ வலையோ கண்ணில் பட்டால் சண்டைக்குப் போக வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளைப் பிடிப்பது குற்றம்.

கணக்கு எழுதுவது

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் ஈபேர்ட் (eBird) செயலியைக் குழுவில் ஒருவர் மட்டும் தொடங்கினால் போதும். விரகனூருக்கு ஒரு பட்டியல், பாலத்திலிருந்து நடந்ததற்கு இன்னொரு பட்டியல். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்று பின்னால் யாருக்கும் தெரியாது. குறைந்தது பதினைந்து நிமிடமாவது ஓர் இடத்தைப் பாருங்கள். தொடங்கிய நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் என்று கேட்கும். கடைசியில், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். காக்கை, மைனா, மாடப்புறாவை விட்டுவிட்டு ஆமாம் என்று அழுத்தாதீர்கள். காக்கையை எழுத யாருக்கும் மனம் வருவதில்லை, ஆனால் இருபது வருடம் கழித்து ஒருவர் மதுரையில் காக்கை குறைந்ததா என்று தேடினால் உங்கள் பட்டியல்தான் சாட்சி.

எண்ணிக்கை கட்டாயம் போடுங்கள். பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவாகக் கூட்டத்தை வெட்டிக்கொண்டே போங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிச் சொல்லட்டும். ஒருவர் 80, இன்னொருவர் 300 என்றால் திரும்ப எண்ணுங்கள். சந்தேகப் பறவையை "உள்ளான் வகை" என்று எழுதலாம், வெட்கமில்லை.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஏ.வி. பாலத்தடியில் அதை நம்பாதீர்கள்; பஸ் பிரேக் சத்தத்துக்குக்கூடப் பறவைப் பெயர் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது சொன்ன பெயரைக் கண்ணால் பார்த்தபிறகு எழுதுங்கள்.

9.15, சிம்மக்கல்

நடை முடிந்ததும் சிம்மக்கல் பக்கம் இட்லிக் கடைக்கு. தள்ளுவண்டியில் பருத்திப்பால் இருந்தால் அதை முதலில் குடித்துவிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே பட்டியலை வாசிக்க வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் சேர்க்கலாம், மறுக்கலாம். புதிதாக வந்தவர்களை முதலில் பேச விடுங்கள். பழையவர்கள் பேச ஆரம்பித்தால் புதியவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

பட்டியலை மற்றவர்களுக்கு ஈபேர்ட் வழியாகவே பகிர்ந்துவிடலாம். ஆனால் உடனே அனுப்பாதீர்கள், இரவு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபிறகு அனுப்புங்கள். போன ஜனவரியில் எங்கள் குழுவின் வங்கி அண்ணன் விரகனூரில் மீன் பிடித்துத் தின்னும் பருந்தான விராலடிப்பானைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். இட்லிக் கடையில் அது பட்டியலில் ஏறிவிட்டது, ஆளாளுக்குக் கைகொடுத்தோம். இரவு படத்தைப் பெரிதாக்கினால் அடிவயிறு பழுப்பு, கண்ணில் கருங்கோடு இல்லை, வால் நுனி வட்டம். செம்பருந்தின் குஞ்சுப் பருவம். மெதுவாகச் சொல்லி நீக்கினேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு அவரிடமிருந்து தகவல்: "சரிங்க. அடுத்த ஞாயிறு திரும்பப் போவோமா?"